புள்ளி வைத்த விசைப்பலகை

ஞாயிற்றுக்கிழமை. டவுன்ஹால் ரோட்டுக் கடையில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஜெய்லானி இரண்டையும் மேசையில் வைத்தார்.
ஒரே உருவம், ஒரே சாம்பல் நிறம்,
அம்புக்குறிக்குக்கூட இடம் தராத அறுபதே விசைகள்.
ஒன்று பேசும்.
மற்றது ஒலி அடக்கியது, நாலாயிரம் ரூபாய் அதிகம்.

"சத்தத்துக்குக் காசு கேட்டாக் குடுக்கலாம்.
சத்தம் இல்லாததுக்குமா?"
துவாரகநாத் ஜவுளிக் கணக்கு எழுதுகிறவன்.
ஒவ்வொரு எண்ணும் விழுந்துவிட்டதென்று
அவனுக்குக் காதுதான் சொல்ல வேண்டும்.
அடக்கியதை நாலு தட்டுத் தட்டி முகம் சுளித்தான்:
"ஊறவச்ச அவல் மேல நடக்குற மாதிரி இருக்கு."

பெர்னதெத் விடவில்லை.
ஐகோர்ட் கிளையில் இருபது வருஷத்துச் சுருக்கெழுத்து.
"கீழ போற சத்தம் அப்படியேதாம்ப்பா இருக்கு.
மேல திரும்பி வருதே, அதைத்தான் நிறுத்தியிருக்கான்.
நம்ம கதவைச் சாத்துறது வேற,
கதவு தானா அடிச்சுக்கிறது வேற."

ஜெய்லானி ஒரு விசையைப் பிடுங்கிக் காட்டினார்.
ரப்பர் கிண்ணம், அதற்குள் சுருள்வில்,
தண்டைச் சுற்றி மூக்குத்தித் திருகாணி அளவில் ஒரு வளையம்.
"இவ்வளவுதான் அந்த நாலாயிரம்.
பேசுறதை வாங்குங்க, நானே மாட்டித் தர்றேன், எண்ணூறு."
"அது ஒரிஜினல் ஆகாது" என்றார்கள் இருவரும்.
அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

என்னை யாரும் கேட்கவில்லை.
எனக்கு இருப்பது ரசனை அல்ல, ஒரு அறை.
ஜெய்ஹிந்த்புரத்தில், பத்துக்குப் பன்னிரண்டு.
பூபாலன் ஏழு மணிக்குப் படுத்தால்
ஒன்றரைக்கு எழுந்து மாட்டுத்தாவணிக்குப் பூ எடுக்கப் போவான்.
தூங்காத ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.
அவன் படுத்த பிறகுதான் எனக்கு வேலை வரும்:
மறுநாள் ஓடப்போகும் தொடருக்கு,
காது கேளாதவர்கள் படிக்க, திரையின் அடியில் எழுத்து.
வசனம் மட்டுமில்லை, சத்தங்களையும் எழுத வேண்டும்.

மாதம் மூவாயிரம் தவணையில் வாங்கி வந்தேன்.

முதல் ராத்திரி.
'இடி முழங்குகிறது' என்று அடித்தேன்.
'எவர்சில்வர் குடம் படியில் உருள்கிறது.'
'மாமியார் கதவை அறைகிறாள்.'
அறையில் ஒன்றுமே நடக்கவில்லை.
பதினொரு மணிக்கு, கண்ணைத் திறக்காமல்
"அந்த வளையலைக் கழட்டு" என்றான் பூபாலன்.

ஆறு கண்ணாடி வளையல், மேசை விளிம்பில் உரசியபடி.
எட்டு வருஷமாகப் பழைய விசைகளுக்கு அடியில் இருந்திருக்கின்றன,
இருவருக்குமே கேட்டதில்லை.
கழற்றி வைத்தேன்.
அப்புறம் மின்விசிறியின் ஒரு இறக்கை.
அது பழகியதும் பல்லி.
அப்புறம் எதிர்வீட்டுத் தொட்டி நிறைந்து வழிவது.
அவல் என்றவனும் கதவு என்றவளும்
இந்தக் கணக்கைப் போடவே இல்லை.

இடது ஆள்காட்டி விரலுக்கு அடியில்
கடுகளவு ஒரு மேடு, இருட்டிலும் தட்டுப்படும்.
தமிழ் தொண்ணூற்றொன்பதில் அதுதான் புள்ளி.
க அடித்து அதைத் தொட்டால் க்.
'அ' போய்விடும்,
தொண்டையில் அது நின்ற இடம் மட்டும் இருக்கும்.
எழுத்துக்கு வளையம் மாட்டியவர்
யாரிடமும் நாலாயிரம் வாங்கியதாகத் தெரியவில்லை.

ஒன்றரைக்கு விளக்கைப் போட்டான்.
பலகையின் மேல் கையை நீட்டி, பூ அளக்கிற மாதிரியே அளந்தான்.
"முக்கா முழங்கூட வராது. இதுக்கா முப்பதாயிரம்?"
சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினான்.

அவன் வண்டியில் சைலன்சர் ஓட்டையாகி மூன்று மாதம்.
ஒரே உதையில் தெரு முழுக்க எழுந்து,
நாய்கள் உட்பட, அவனைத் திட்டியது.

நான் வளையல்களை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.